ஜெராக்ஸ் மெஷின்: ஆன்லைனில் வாங்கலாமா, டீலரிடம் போகலாமா?

தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை போடுபவரும் சரி, ஆடிட்டர் ஆபீஸும் சரி, முதலில் பார்ப்பது ஆன்லைன் விலையைத்தான். டீலர் சொல்வதைவிட சில ஆயிரம் குறைவு என்றால் கை உடனே ஆர்டர் போடப் போகும்.

ஆனா இது ஃபிரிட்ஜ் இல்லீங்க. ஓட ஓட டோனர் தீரும், டிரம் தேயும், பேப்பர் இழுக்கிற ரோலர் வழுக்கும். அட்மிஷன் சீசனில் மெஷின் ரெண்டு நாள் படுத்தால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போயிடும். அதனால் விலைக்கு முன்னாடி, ‘எங்க ஊருக்கு மெக்கானிக் எங்கிருந்து வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார்?’ என்று கேளுங்க.

வாரண்டியிலும் சூட்சுமம் உண்டு. பல மாடல்களுக்கு இத்தனை மாதம் அல்லது இத்தனை காப்பி, எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். பிறகு போடும் ஏ.எம்.சி.யில் டோனர், டிரம் சேருமா, வெறும் சர்வீஸ் மட்டுமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதி வாங்கிடுங்க.

மாசம் சில நூறு காப்பிதான், பக்கத்திலேயே கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கு என்றால் சின்ன ஏ4 மெஷினை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். ஜிஎஸ்டி கட்டுபவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கணும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் போட்டோவை நம்பவே வேண்டாம். நேரில் போய் மீட்டர் ரீடிங் பார்த்து, 50 காப்பி ஓட்டிப் பார்த்துட்டு காசை எடுங்க.