செங்கல்பட்டு ஏரியும் மாமல்லபுரம் கரையும்: செயற்கைக்கோள் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

செயற்கைக்கோள் படத்தைத் தொடணும்னா இஸ்ரோவில் வேலை பார்க்கணும்னு இன்னமும் பலர் நினைக்கிறாங்க. ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. 2008-க்கு முன்னால் ஒரு லேண்ட்சாட் 7 படம் வாங்க 600 டாலர். அந்த வருஷம் அமெரிக்கா லேண்ட்சாட் படங்களை இலவசமாக்கியது. 2015-ல் ஐரோப்பாவின் சென்டினல்-2 மேலே போனது. அதன் படங்களும் இலவசம். 5 நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில், நம்ம ஊரைப் படம் எடுக்குது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். எந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்னு தெரிஞ்சுக்கறதுதான் உண்மையான பாடம்.

முதலில் ஏரி

ரயிலில் செங்கல்பட்டை நெருங்கும்போது தெரியுமே, கொளவாய் ஏரி, அதையே எடுத்துக்கலாம். தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுசா விழுங்கிடும். பயிர் இதற்கு நேர் எதிர், அகச்சிவப்பை வாரி அனுப்பும். 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் இதை ஒரு எளிய சூத்திரமாக்கினார்: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு.

உதாரணமா, தண்ணீரில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.02 என்றால் விடை 0.6. வயலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.32 என்றால் விடை -0.6. பொதுவா, பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 100 பிக்சல் ஒரு ஹெக்டேர். எண்ணினால் பரப்பளவு வந்துடும்.

இங்கே மூணு சிக்கல் இருக்கு. ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் சூத்திரத்துக்கு வயல் மாதிரி தெரியும். ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அப்போ மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1 படத்துக்குப் போகணும். மூணாவதுதான் பெரியது: படம் பரப்பைத்தான் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. தூர்ந்துபோன ஏரியும் மேலே இருந்து பார்த்தால் நிறைஞ்ச ஏரிதான். ஆயக்கட்டு விவசாயிக்குத் தேவை கொள்ளளவு, பரப்பு இல்லை.

அடுத்து கரை

இதே சூத்திரத்தால் மாமல்லபுரம் கரையோரத்தில் கடலையும் மணலையும் பிரிச்சு ஒரு கோடு போடலாம். இரண்டு வருஷக் கோடுகளை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, 'கடல் 12 மீட்டர் உள்ளே வந்துடுச்சு'ன்னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா நம்ம கரையில் பெரிய ஓதத்தில் கடல் மட்டம் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும். மணல் சரிவு 15-க்கு 1 என்றால், அந்த 1 மீட்டரே நீர்க்கோட்டை 15 மீட்டர் நகர்த்திடும். அரிப்பே இல்லாமல் ஒன்றரை பிக்சல் காணாமல் போகும்! அது போக, வடகிழக்குப் பருவத்தில் அலை மணலை அள்ளிட்டுப் போகும், பிற மாதங்களில் திருப்பிக் கொடுக்கும். ஜனவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிடுவது வீண். ஒரே மாதம், ஒரே மாதிரி ஓதம், பல வருஷப் படங்கள். அப்பதான் போக்கு தெரியும்.

இது வெறும் கணக்குப் பிரச்சினையா? இல்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகருது. ஓரிடத்தில் தூண்டில் வளைவு போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்கே இருக்கும் கரை அரிக்கப்படும். புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே இதைக் கண்ணால் பார்க்கலாம். கொக்கிலமேட்டிலிருந்து தேவனேரி வரை எத்தனை குப்பங்கள்! தப்பாகப் போட்ட ஒரு கோடு, ஒரு குப்பத்தைக் காப்பாத்தறோம்னு அடுத்த குப்பத்தின் வலை உலர்த்தும் மணலைப் பறிச்சிடும்.

யார் கத்துக்கறது?

இந்தத் துறை நமக்குப் புதுசு இல்லை. 1970-லேயே பிஷாரடி கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, வாடல் நோய் வந்த தென்னைகளை அடையாளம் காட்டினார். டேராடூனில் 1966-லிருந்து பயிற்சி நிறுவனம் இருக்கு. 1995-லிருந்து அங்கேயே ஐ.நா. சார்ந்த மையம் ஆசிய-பசிபிக் நாட்டு மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்குது. 1988-ல் நம்ம சொந்த ஐ.ஆர்.எஸ்.-1ஏ பறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஒரு நிறுவனம் உண்டு.

படமும் பாடமும் இருக்கு. குறைவது தரையில் எடுக்கும் அளவு. அதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு கோல், நடுவில் ஒரு கயிறு, எதிரே தொடுவானம். இதை வெச்சே கடற்கரைச் சரிவை அளக்கும் முறையை எமரி 1961-லேயே எழுதிட்டார். மாசம் ஒரு தடவை, அதே இடத்தில், ஒரு கல்லூரி மாணவரும் ஒரு மீனவரும் சேர்ந்து அளந்தால் போதும். எந்த மாசம் மணல் போகும், எப்போ திரும்பும்னு மீனவருக்கு ஏற்கெனவே தெரியும். அதை எண்ணாகக் குறிச்சு வெச்சா, மேலே இருந்து வரும் கோட்டைச் சரிபார்க்க நம்மகிட்டயும் ஒரு கோடு இருக்கும்.