தோழியின் கூற்று, வேலனின் தீர்ப்பு: மருத்துவ உளவியலில் தலைமை

'சைக்காலஜி டாக்டர்' என்றொரு சொல் நம் பேச்சில் புழங்குகிறது. அப்படி ஓர் ஆள் கிடையாது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் முடித்தவர், மருந்து எழுதுகிறவர். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், உளவியலில் முதுகலையும் அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர். சோதனைகள் செய்கிறவர், பேச்சின் வழியாகச் சிகிச்சை தருகிறவர். மருந்து எழுதும் உரிமை இவருக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒட்டவைத்து ஜனங்கள் ஒரு சொல்லை உண்டாக்கியிருப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மனசு சம்பந்தப்பட்ட எதிலும் 'டாக்டர்' என்ற ஒட்டு இல்லாமல் அதிகாரம் வராது என்பதை அந்தச் சொல் தெரிந்தோ தெரியாமலோ சொல்லிவிடுகிறது.

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கங்களிலிருந்து மின்சார ரயிலேறி சைக்காலஜி படிக்கப் போகும் பெண்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். 'டாக்டருக்குப் படிக்கலைன்னா இதுல எதுவரைக்கும் போக முடியும்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திறமை, உழைப்பு, விடாமுயற்சி என்று பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் எந்தக் காகிதத்தில் யாருடைய கையெழுத்து செல்லும் என்பதை அது மறைத்துவிடுகிறது. தலைமை என்பது பதவிப் பெயரில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது. ஆகவே பதிலை நிறுவனங்களின் வரலாற்றிலும் சட்டத்தின் வாசகத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

சென்னையின் முதல் மனநோயாளர் விடுதியை 1794இல் தொடங்கியவர் வாலண்டைன் கோனலி என்ற கம்பெனி அறுவை மருத்துவர். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. பைத்தியக்கார விடுதிக்குள் மருத்துவர் நுழைந்தது அறிவியலாளர் என்ற தகுதியில் அல்ல, ஒழுக்கத்துக்குச் சான்று சொல்பவர் என்ற தகுதியில்தான் என்று ஃபூக்கோ 1961இல் வாதிட்டார். ஐரோப்பாவை வைத்துச் சொன்னது அது. என்றாலும் நம்மூர் விஷயத்தில் காலவரிசை அதற்குத் துணை நிற்கிறது. கோனலியின் காலத்தில் மனநல மருத்துவம் என்ற தனித்த அறிவுத்துறையே உருவாகியிருக்கவில்லை. 'கிளினிக்கல் சைக்காலஜி' என்ற பெயரை அமெரிக்காவில் லைட்னர் விட்மர் நிலைநிறுத்தியது 1907இல்தான். அறிவு வருவதற்கு முன்பே சாவி கைமாறிவிட்டது.

டாக்டர் சாரதா மேனன் 1961இல் அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைக்கு வந்து 1978 வரை இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். ஆண்களின் இடமாக இருந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார முடிந்தது பெரிய உடைப்பு. ஆனால் 'டாக்டர்' என்ற எல்லைக்கோடு அப்போதும் அழியவில்லை. பெண் என்ற தடையைவிட, மருத்துவர் அல்லாதவர் என்ற தடை கெட்டியானது என்று இதிலிருந்து தெரிகிறது.

பெங்களூரில் 1954இல் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனத்தில் 1955 ஜனவரியில் இரண்டு பட்டயப் படிப்புகள் ஒருசேரத் தொடங்கின. ஒன்று மனநல மருத்துவம், மற்றொன்று மருத்துவ உளவியல். இரண்டுக்கும் ஒரே வயசு. 1974இல் அந்த நிறுவனம் நிம்ஹான்ஸ் ஆனது. மருத்துவ உளவியலுக்கு அங்கே தனித்துறை உண்டு, தனித் துறைத்தலைவர் உண்டு. நாட்டின் பல பாகங்களுக்கும் ஆசிரியர்களை அனுப்பிய துறை அது. ஆனால் நிறுவன இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் நரம்பியல் அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் என்றே வந்திருக்கிறார்கள். ஒரே நாளில் பிறந்த இரட்டையரில் ஒருவர் மட்டும் வீட்டுக்கு மூத்தவர் ஆன கதை.

படிப்பின் பாதை இப்படித்தான் இருந்துவந்தது: முதுகலை இரண்டாண்டு, எம்.ஃபில். இரண்டாண்டு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு. பிறகு வேலை, முனைவர் பட்டம், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். துறைத்தலைவர் ஆக வேண்டுமானால் முதலில் துறை இருக்க வேண்டுமே! பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் மனநல மருத்துவத் துறைக்குள் ஓரிரு பணியிடங்களாகத்தான் மருத்துவ உளவியல் இருக்கிறது. இருபது வருஷ அனுபவம் உள்ளவரும் 'ரிப்போர்ட்' எழுதித் தருகிறவராகவே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். நுண்ணறிவுச் சோதனை, ஆளுமைச் சோதனை எல்லாம் அவர் செய்வார்; முடிவை வேறொருவர் எழுதுவார்.

பதிவு எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மறுவாழ்வுக் கவுன்சில் 1992ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. மருத்துவமனையோ சுகாதாரத் துறையுடையது. வேலை ஒரு வீட்டில், ரேஷன் கார்டு இன்னொரு வீட்டில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறை செய்தது; மாநில மனநல ஆணையத்தில் பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஒருவருக்கு இடமும் தந்தது. நல்லது. ஆனால் நோயாளியின் சேர்க்கையையும் உரிமையையும் பரிசீலிக்கும் மறுஆய்வு வாரியத்தில் நீதிபதி, ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு மருத்துவர், நோயாளிகள் அல்லது பராமரிப்போர் தரப்பில் இருவர் என்று ஆறு இடங்கள். மருத்துவ உளவியலாளருக்கென்று ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் எம்.ஃபில். பட்டத்தை 2022இல் பல்கலைக்கழக மானியக்குழு நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. கவுன்சில் ஏற்கும் வேறு தகுதிக்கும் சட்டத்தில் இடமுண்டு, புதிய படிப்புகளும் வருகின்றன. ஆனாலும் ஒரு தொழிலின் அடையாளத்தையே பிறர் கூடித் தீர்மானிக்கும்போது, அந்தத் தொழிலில் தலைமை என்பதற்கு என்ன பொருள்?

இதை யோசிக்க நம் அகமரபில் ஒரு கட்டமைப்பு இருக்கிறது. தலைவி மெலிகிறாள். செவிலியும் தாயும் பதறி வேலனை அழைக்கிறார்கள். அவன் வெறியாடி, முருகு அணங்கியது என்று சொல்கிறான். நோய்க்குப் பெயர் சூட்டும் உரிமை அவனுக்கு. உண்மை தெரிந்தவள் தோழி. காரணம் எளிது: அவள் கேட்டிருக்கிறாள். கேட்டறிந்தவளுக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவன் கேட்கவில்லை. இலக்கணம் இங்கே தோழிக்குத் தரும் செயல் 'அறத்தொடு நிற்றல்'. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்குமாக உண்மை படிப்படியாக மேலேறுகிறது. தோழி வேலனின் இடத்தைப் பிடிப்பதில்லை; தீர்ப்பு சொல்கிறவர்களின் காதுக்கு உண்மையைக் கொண்டுசேர்க்கிறாள். மருத்துவ உளவியலில் தலைமை என்று ஒன்று உண்டென்றால் அதற்கு இதைவிட நெருக்கமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒப்புமையில் ஆபத்தும் இருக்கிறது. மனநல மருத்துவத்தை வெறியாட்டு என்று சொல்வது அபத்தம். தைராய்டும் வலிப்பும் மனச்சிக்கலாகத் தோற்றம் தரலாம், அதைக் கண்டுபிடிக்க மருத்துவர்தான் வேண்டும். தோழியும் முழுக்க விடுதலையின் குரல் அல்ல. அவள் செய்வதெல்லாம் கடைசியில் களவைக் கற்பில் கொண்டுபோய் நிறுத்துவதற்கே. காதுகொடுத்துக் கேட்பதும் ஒழுங்குக்கு ஆளைப் பழக்கும் உத்தியாக முடியலாம். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' என்று புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கவுன்சலிங்கை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

கையெழுத்து இடம்மாற முடியாததல்ல. இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிக்குப் பொறுப்பு மருத்துவர் மட்டுமே. 2007இல் அதைத் திருத்தி, தகுதி பெற்ற உளவியலாளரும் அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்றார்கள். கட்டாயச் சேர்க்கைக்கு மருத்துவர்களின் பரிந்துரை வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே நின்றது. மருந்தும் போகவில்லை, மருத்துவரும் போகவில்லை, பொறுப்பு பகிரப்பட்டது.

நம் பக்கத்திலும் தடயங்கள் உண்டு. வண்டலூரிலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் சாலையில் போய்க் கடற்கரைச் சாலையைத் தொட்டால் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம். 2005இல் வந்தது, மருத்துவ உளவியல் பயிற்சியும் தந்திருக்கிறது. அருகே கோவளத்தில் பானியன் அமைப்பு 2007இல் தொடங்கிய கல்விக்கழகம். பெயரிலேயே மனநலத் 'தலைமை'யை வைத்திருக்கிறது. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993இல் சென்னையில் பானியனைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் மருத்துவர்கள் அல்லர். இருக்கிற மருத்துவமனையில் நாற்காலி கேட்டு அவர்கள் நிற்கவில்லை. வேறொரு நிறுவனத்தைக் கட்டினார்கள், மருத்துவர்களை அதற்குள் அழைத்துக்கொண்டார்கள். எல்லோராலும் நிறுவனம் கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் மருத்துவர் அல்லாதவர் தலைமையில் மனநலப் பணி நடக்காது என்ற வாதத்துக்கு இது போதுமான மறுப்பு.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு அப்போது இருந்ததாகவும், அவர்களில் மிகப்பெரும்பாலோர் சிகிச்சைக்கு வெளியே இருந்ததாகவும் சொன்னது. இத்தனை பேருக்கும் மருந்துச் சீட்டு மட்டும் எட்டினால் போதுமா? 'நெஞ்சு படபடங்குது, என்னமோ பண்ணுது' என்று ஒருத்தி தமிழில் சொல்வது ஆங்கில ரிப்போர்ட்டில் ஒரு கலைச்சொல்லாகச் சுருங்கிப்போகும் இடத்தில், அவள் சொன்னது சொன்னபடியே கோப்பில் ஏறவேண்டும் என்று வற்புறுத்த ஒருவர் வேண்டும். வற்புறுத்தலுக்குப் பலம் வேண்டும். தனித்துறை, தனிக்கோப்பு, வாரியத்தில் ஓர் இடம் என்று கேட்பதெல்லாம் அதற்காகத்தான். சம்பள உயர்வுக்காக மட்டுமல்ல.

ஆகவே வீட்டில் கேட்கிறவர்களுக்குச் சொல்லலாம்: பேராசிரியர் வரைக்கும் போகலாம், சில இடங்களில் துறைத்தலைவர் வரைக்கும் போகலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் பரீட்சை எழுதி மட்டும் போக முடியாது. சட்டத்தில் ஒரு வரியை மாற்றியாக வேண்டும். அதைத் தனியாளாகச் செய்ய முடியாது.