உஷார்! அந்தப் பால் டம்ளரைக் கீழே வையுங்கள்

பெரியவர் இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. தொண்டையில் கொறகொறவென்று சத்தம். "இழுத்துக்கிட்டே இருக்கே, பாலை ஊத்துங்கப்பா, நிம்மதியாப் போகட்டும்" என்கிறார் ஒரு பெரியம்மா. பேரன் முதல் சம்பந்தி வரை, ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்ற வரிசை நிற்கிறது. நிறுத்துங்கள்! விழுங்கும் சக்தி போனவருக்கு ஊற்றும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். இருமித் துப்பத் தெம்பில்லாதவர் அதிலேயே திணறிப் போவார்.

அந்தக் கொறகொறப்பே முடிவு நெருங்குவதன் ஓர் அறிகுறிதான். எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கும் சத்தம் அது. கேட்கும் நமக்குத்தான் பதறும். அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சற்று அடங்கும். உதட்டை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். சடங்கு விட்டுப்போகக் கூடாதென்றால், அதே துணியில் ஒரு சொட்டுப் பால்.

சோறு வேண்டாமென்று முகத்தைத் திருப்புவது, நாளெல்லாம் தூக்கம், சிறுநீர் குறைந்து டிகாஷன் நிறமாவது, கைகால் சில்லிட்டு முழங்காலில் ஊதாத் திட்டு படர்வது, எல்லாம் அடுத்தடுத்து வரலாம். மூச்சு வேகமாக வாங்கும், மெல்லக் குறையும், நின்றேவிடும். யாரோ ஒப்பாரியைத் தொடங்குவதற்குள் மறுபடி வாங்கும்!

முடிவை அமைதியாக ஏற்பது திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதா என்ன? அங்கே வாழ்ந்த ரமண மகரிஷிக்கு 1949 தொடக்கத்தில் இடது முழங்கை அருகே சின்னக் கட்டியாக வந்தது புற்றுநோய். நான்கு முறை அறுத்தும் தீரவில்லை. 1950 ஏப்ரல் 14 மாலை, தன்னை உட்காரவைக்கச் சொன்னார். டாக்டர் ஆக்சிஜன் கொடுக்கப்போக, கையசைத்து வேண்டாமென்றார். வெளியே பக்தர்கள் பாடிக்கொண்டிருக்க, இரவு 8.47க்கு மூச்சு ஒடுங்கியது. வேண்டாமென்றவரை அங்கே யாரும் வற்புறுத்தவில்லை.

இன்னொரு பயம் எனக்கு. மேலே சொன்னதெல்லாம் தீராத நோயென்று டாக்டர் சொல்லிவிட்டவர்களுக்குத்தான் பொருந்தும். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றியவர் வியர்த்துச் சில்லிட்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடந்தால், "வேளை வந்துடுச்சு, அண்ணாமலையார் கூப்பிட்டுட்டார்" என்று கைகூப்பி நிற்காதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம், மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள், சர்க்கரை நோயாளியா என்று தெரிந்துகொள்ள, பையில் அதற்கான மாத்திரை இருக்கிறதா என்று துழாவுங்கள். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரும் கூடாது.