புரோட்டீனுக்கு ஜெராக்ஸ் கிடையாது!

சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்தித் துளியூண்டு எடுத்தார்கள். மூன்றாம் நாள், 'சாம்பிள் போதவில்லை, மறுபடி வாங்க' என்று தகவல்.

"ஏன்டா, ரேஷன் கடை மாதிரி அளவு பத்தலைங்கிறான்?" என்று என் மேல் பாய்ந்தார். வீட்டில் பி.எஸ்ஸி. படித்தவன் நான் ஒருவன்தான். அரைநாள் லீவு போட்டு விஷயத்தைத் துருவினேன்.

அந்த டெஸ்டில் செல்லின் உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கே பற்றாக்குறை! உள்ளே இருக்கும் புரோட்டீன்களையும் கணக்கெடுப்பதென்றால்?

டி.என்.ஏ. என்பது ஹெட் ஆபீஸ் சர்க்குலர். யார் சீட்டில் இருக்கிறார், யார் டீ குடிக்கப் போய்விட்டார் என்பது அதில் தெரியாது. புரோட்டீன்தான் வேலை பார்க்கிற ஸ்டாஃப். சர்க்குலர் கொஞ்சமாக இருந்தால் கவலையில்லை. காரி மல்லிஸ் 1983-ல் கண்டுபிடித்த பி.சி.ஆர். முறையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போகலாம். அதற்கு 1993-ல் நோபல் பரிசு. ஆனால் ஸ்டாஃபை ஜெராக்ஸ் எடுக்க முடியுமோ? இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

ஒரு செல்லில் மொத்தப் புரோட்டீன் சுமார் 200 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிக்கோகிராம்! சாதாரண ட்யூபில் போட்டால், அண்டாவில் விட்ட ஒரு சொட்டு நெய் மாதிரி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றும் செல்கள் இன்னும் மோசம். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். நடுவே இந்த ஆசாமிகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

2018-ல் இரண்டு வழி பிறந்தது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடத்தில் அண்டாவையே சுருக்கிவிட்டார்கள். 200 நானோலிட்டருக்கும் குறைந்த துளிக்குள் சகல வேலையும். சுமார் 10 செல்களிலிருந்து ஏறக்குறைய 1,500 புரோட்டீன்கள் பிடிபட்டன! பாஸ்டனில் நிக்கோலாய் ஸ்லாவோவ் குழுவினர், வழியில் தொலைந்துபோகிற ஒற்றைச் செல்லுக்கு 200 செல்களைத் துணைக்கு அனுப்பினார்கள். எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு லேபிள்.

பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூட சமாசாரம்தான். நம்ம ஊர் லேபுக்கு வர நாளாகும். சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒத்தைச் செல்லுக்கு 200 பேர் துணையா? நான் ஊசி குத்திக்கப் போனப்ப நீ ஒருத்தன்கூட வரலையேடா!"

சுருக்கென்றது. இரண்டாவது ஊசிக்கு முழுநாள் லீவு போட்டுக் கூடப் போனேன். குத்தும்போது என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது.

என் விரல்தான் இன்னும் வலிக்கிறது.