கடலாமை காட்டும் வழி

கடலாமை கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் செல்வதைச் சங்கப் புலவர்கள் கண்டிருக்கின்றனர். மணல்மேட்டில் மறைவாகப் புதைக்கப்பட்ட முட்டைகளின் வடிவத்தையும் அவற்றின் புலால் நாற்றத்தையும் அகநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. ஆனால், மீண்டும் அலைக்குள் இறங்கிய ஆமை எங்கே செல்கிறது என்பது நெடுங்காலம் அறியப்படாததாகவே இருந்தது. முட்டையிட வரும் பெண் ஆமை கரையில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணிநேரமே. அதன் எஞ்சிய வாழ்வு முழுவதும் கடலுக்கு உரியது.

மணலைக் காத்தால் போதுமா?

ஒடிசாக் கடற்கரையில் கஹிர்மாதா, தேவி ஆற்று முகத்துவாரம், ருசிகுல்யா ஆகிய இடங்கள் பங்குனி ஆமைகள் பெருந்திரளாகக் கூடி முட்டையிடுவதற்குப் பெயர்பெற்றவை. சாதகமான ஆண்டுகளில் இலட்சக்கணக்கான ஆமைகள் சில நாள்களுக்குள் அங்குக் கரையேறுகின்றன. முட்டைகளைக் காக்க மணற்பரப்பில் காவல் போடப்பட்டது. ஆயினும், இறந்த ஆமைகள் ஆயிரக்கணக்கில் கரையொதுங்குவது நிற்கவில்லை. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிரினம். மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தே ஆகவேண்டும். விசைப்படகுகளின் இழுவலைக்குள் சிக்கிய ஆமை மேலே வர இயலாமல் மூச்சுத்திணறி இறக்கிறது. காவல் கரையில் இருந்தது. சாவோ கடலில் நேர்ந்தது. ஆமைகள் கடலில் எங்கே, எப்போது, எவ்வளவு காலம் இருக்கின்றன என்பதை அறியாமல் அவற்றைக் காக்க வழியில்லை.

முதுகில் ஒரு கருவி

முன்னாளில் ஆமையின் துடுப்புக்காலில் எண் பொறித்த உலோகத் தகடு பொருத்தப்பட்டது. அந்த ஆமையை வேறோர் இடத்தில் எவரேனும் கண்டெடுத்துத் தெரிவித்தால், பயணத்தின் தொடக்கமும் முடிவும் மட்டுமே தெரியவரும். இடைப்பட்ட வழி தெரியாது.

இக்குறையைச் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பு போக்கியது. சிறிய அலைபரப்பி ஒன்று ஆமையின் முதுகோட்டில் வலிய பசையால் ஒட்டப்படுகிறது. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்வதில்லை. எனவே ஆமை மூச்சுவிட மேலே வரும் சிறுபொழுதில்தான் கருவியின் சமிக்ஞை வான்வெளியை அடைகிறது. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆர்கோஸ் அமைப்பின் கருவிகளைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் அதனைப் பெறுகின்றன. நெருங்கிவரும் தொடர்வண்டியின் ஊதொலி சுருதி உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் கேட்பதைப் போன்று, சமிக்ஞையின் அதிர்வெண்ணும் மாறுகிறது. டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றத்தைக் கொண்டு ஆமையின் இருப்பிடம் கணக்கிடப்படுகிறது. வலைக்குள் ஆமையின் உயிருக்கு இடராக அமையும் அதே மூச்சுத்தேவைதான், அதன் வழியையும் நமக்கு அறிவிக்கிறது.

வழித்தடம் உணர்த்துவது

2001ஆம் ஆண்டு இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேவி முகத்துவாரத்தில் நான்கு பங்குனி ஆமைகளுக்குக் கருவி பொருத்தினர். அவற்றுள் ஒன்று தெற்கு நோக்கி நீந்தி இலங்கைக் கடற்பரப்பை அடைந்தது. ஒரு மாநிலம் தன் கரையோரம் விதிக்கும் தடை, அம்மாநிலத்தின் எல்லையைக் கடந்த ஆமையைக் காக்க இயலாது என்பதை இப்பயணம் உணர்த்தியது.

ஆமைகள் திரளும் இடமும் அவை கடந்துசெல்லும் வழியும் வெவ்வேறு பாதுகாப்பை வேண்டுவன. திரளும் இடத்தில் குறித்த காலத்திற்கு மீன்பிடிப்பை நிறுத்தலாம். நெடிய பயணவழி முழுவதையும் அவ்வாறு மூட இயலாது; அங்கே, சிக்கிய ஆமை தப்பிச் செல்லத் திறப்புடைய வலையைப் பயன்படுத்துவதே பொருந்தும்.

மீனவர் வாழ்வும் ஆமையின் வாழ்வும்

ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது. ஏழு மாதத் தடை மீனவக் குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தியாகும். ஆகவே எல்லைக்கோடு எவ்வளவு துல்லியமாக வரையப்படுகிறதோ, அவ்வளவுக்கு அது நியாயமானதாகவும் அமையும்.

இதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு சான்று உண்டு. அங்கு வாள்மீன் பிடிக்கும் நெடுந்தூண்டில்களில் பெருந்தலை ஆமைகள் சிக்கின. ஆண்டுக்கு 17 ஆமைகள் என்ற வரம்பு 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே எட்டப்பட்டதால், அத்தொழில் ஆண்டின் எஞ்சிய காலத்திற்கு நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் காட்டிய ஆமைகளின் வழியைக் கடல்நீரின் வெப்பநிலையோடு ஒப்பிட்ட அறிவியலாளர்கள், அதே ஆண்டில் டர்டில்வாட்ச் என்னும் வழிகாட்டி வரைபடத்தை வெளியிட்டனர். ஏறத்தாழ 18.5 பாகை செல்சியசைவிடக் குளிர்ந்த நீரில் தூண்டிலிட வேண்டா என்று அது அறிவுறுத்தியது. ஆமை எங்கிருக்கும் என்பது தெரிந்தால், மீனவர் விலகிச் செல்லவும் தொழிலைத் தொடரவும் முடியும்.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. கருவி விலையுயர்ந்தது; சில மாதங்களில் செயலிழக்கலாம் அல்லது கழன்று விழலாம். கரையேறாத ஆண் ஆமைகளுக்கு அதனைப் பொருத்துவது அரிது. சில ஆமைகளின் வழியைக் கொண்டே பல இலட்சம் ஆமைகளைப் பற்றி முடிவு செய்ய நேர்கிறது. வரைபடம் இடத்தைக் காட்டும். தடை எங்கே, எத்தனை நாள், அதனால் வருவாய் இழப்போருக்கு என்ன ஈடு என்பவற்றை, அக்கடலை நம்பி வாழ்வோரோடு அமர்ந்து மனிதர்களே முடிவு செய்தாக வேண்டும்.