தீவுக்குப் புறப்படுமுன்

பள்ளி விடுமுறை நெருங்கியதும், "இம்முறை எங்கே போகலாம்?" என்ற பேச்சு வீடுதோறும் எழுவது இயல்பு. செர்காம், மெர்லிமாவ், ஊம்பாய் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தீவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது புலாவ் பெசார். 'பெரிய தீவு' என்பது அப்பெயரின் பொருள். அஞ்சோங் பத்து படகுத்துறையில் ஏறினால் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். அங்குள்ள சமாதிகளைத் தரிசிக்கச் செல்வோரும் உண்டு. மணலில் அமர்ந்து உண்டு களித்துவரச் செல்வோரும் உண்டு.

கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் தீவுக்கு என்ன ஆயத்தம் வேண்டியிருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணமே ஆபத்துக்கு வாசல். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு ஆறும் குளமும் தெரியும், கடல் தெரியாது. ஆகவே புறப்படுமுன் அறிய வேண்டியவற்றை இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைத் தாக்குகிறது. அம்மாதங்களில் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போகத் திட்டமிடலாகாது. நமது மேற்குக் கரைக்கு அந்தக் கடுமை இல்லை. ஆனால் இங்கே வேறொன்று இருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், இரவில் சுமத்ராவின் பக்கம் திரளும் இடிமேகங்கள் நீரிணையைக் கடந்து, விடியுமுன்னோ காலையிலோ நம் கரையை வந்தடைவதுண்டு. 'சுமத்ரா' என்றே இக்காற்றுக்குப் பெயர். மேற்கு வானில் கரிய மேகவரிசை தெரிந்து, திடீரெனக் குளிர்ந்த காற்று வீசினால் படகில் ஏறாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் அது ஓய்ந்துவிடும். காத்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. முதல்நாளே வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொள்வது நலம்.

இரண்டாவது படகு. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தியோமான் செல்லும் வழியில் ஒரு விரைவுப் படகு தீப்பற்றி எழுவர் உயிரிழந்தனர். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, வெளியேறும் வழி எது என்பதைப் படகு புறப்படுமுன்னரே பார்த்துவைக்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. அங்கியை மடியில் வைத்திருப்பதால் பயனில்லை. அணிந்து, வார்களை இறுகக் கட்ட வேண்டும். பெரியவரின் அங்கி குழந்தைக்குப் பொருந்தாது. நீரில் விழுந்தால் தலைவழியே கழன்றுவிடும். அங்கி போதவில்லை என்றாலும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினாலும் அடுத்த படகுக்கு நில்லுங்கள். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாமல், மிதக்கும் படகைப் பற்றிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் உயிரைக் காக்கும்.

மூன்றாவது மூட்டை முடிச்சு. குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு வெயிலில் விரைவில் கெட்டுவிடும். புளிச்சோறு ஓரளவு தாங்கும். எதுவாயினும் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, கட்டுத்துணி, வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொடி, ஒரு போத்தல் வினிகர், கைவிளக்கு ஆகியவை இருக்கட்டும். கைத்தொலைபேசியையும் மருந்துகளையும் நீர் புகாத பையில் கட்டி, கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நம் சமூகத்தில் இந்நோய் உள்ளவர் பலர். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு நண்பகல் மணலின் சூடு தெரியாது. சிப்பி கிழித்த காயமும் தெரியாது. மாலையில் கொப்புளமாகத் தோன்றுவது பிறகு ஆறாத புண்ணாகிக் காலுக்கே கேடு விளைவிக்கலாம். ஆதலால் நீரிலும் காலணியோடு நடப்பதே நன்று. இன்சுலினை வெயிலில் வைக்கலாகாது. பனிக்கட்டியின் மேலும் நேராக வைக்கலாகாது. வேளை தவறாமல் உண்பதும் அவசியம்.

நான்காவது கடல். மூழ்குபவர் கூச்சலிட்டுக் கையை ஆட்டுவார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலோர் சத்தமின்றியே மூழ்குகின்றனர். ஆகையால் சிறுவர் நீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர், சமையலிலும் பேச்சிலும் ஈடுபடாமல், கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். முறை வைத்து மாறிக்கொள்ளலாம்.

நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்திச் சோராதீர்கள். மிதந்தபடி உதவிக்குக் கையுயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். ஒருவர் மூழ்குவதைக் கண்டு, நீந்தத் தெரியாதவர் பாய்ந்தால் இருவரும் மூழ்க நேரும். மூடியிட்ட காலி நீர்க்கலன், கயிறு, முடிச்சிட்ட சாரோங் ஆகியவற்றை எறிந்து இழுக்கலாம். கரைசேர்த்தவருக்கு மூச்சில்லையேல் வயிற்றை அமுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். 999 என்ற எண்ணை உடனே அழைக்கச் செய்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பின்னர் மார்பை 30 முறை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாகத் தொடருங்கள். இதைச் செயல்முறையாகக் கற்றுவைத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

நமது நீர்நிலைகளில் பெட்டி வடிவச் சொறிமீன்கள் உண்டு. கொட்டினால் தேய்ப்பதும் நன்னீர் ஊற்றுவதும் கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கடல்நீர் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் மாண்டனர்.

இறுதியாக, எந்தப் படகில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். கடைசிப் படகின் நேரத்தைத் தீவில் இறங்கியதுமே கேட்டறிந்து, அதற்கு முந்திய படகிலேயே திரும்புங்கள். போனவர் அனைவரும் வீடு திரும்பிவிட்டார்களா என்று தலையெண்ணிப் பார்த்த பிறகே விடுமுறை இனிதே முடிந்தது எனலாம்.