ஹாரனும் உறுமியும்: ஒலி மனத்தை ஆளும் விதம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் ரயில்பாதையும், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் தொட்டுச் செல்லும் சமயநல்லூரில், ஒலி இருவேறு பணிகளைச் செய்கிறது. ரயிலின் ஹாரனும் லாரிகளின் ஹாரனும் உடலை உஷார்ப்படுத்துகின்றன. முளைப்பாரிக் காலத்துக் குலவையும் கோயில் திருவிழாவின் உறுமியும் மனங்களை ஒன்றுசேர்க்கின்றன. இவை அனைத்தும் காற்றின் அதிர்வுகளே என்பதும், ஒரே செவிப்பறையின் வழியாகவே உள்ளே நுழைகின்றன என்பதும் உண்மையாக இருக்க, ஒன்று அச்சமாகவும் மற்றொன்று மகிழ்ச்சியாகவும் மாறுவது எப்படி என்பதே ஒலியின் உளவியல் எழுப்பும் அடிப்படைக் கேள்வியாகும்.

இக்கேள்வியின் ஒரு பகுதியைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குச் சூறைகோட்பறை என உரைகள் தரும் பெயர்களைப் பார்த்தால், காளையைத் தழுவும் வேளை, நெல் அறுக்கும் வேளை, மீன் பிடிக்கும் வேளை, வழிப்பறி நிகழும் வேளை என ஒவ்வொன்றுக்கும் தனி முழக்கம் இருந்ததும், கேட்பவர் அந்த முழக்கத்தைக் கொண்டே நிகழவிருப்பதை அறிந்துகொண்டதும் விளங்கும். ஒலி என்பது அடுத்து வரப்போகும் ஒன்றைப் பற்றிக் காதுக்குத் தரப்படும் வாக்கு என்ற கருத்து இப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது.

காதின் அமைப்பும் திடுக்கிடலும்

ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அளவு ஹெர்ட்ஸ். மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது என்றாலும், எல்லா அதிர்வெண்களையும் அது சமமாக நடத்துவதில்லை. ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக்குழல், புல்லாங்குழலின் துளையைப் போலத் தனக்கேற்ற ஒலியைப் பெருக்கிக் காட்டுவதால், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் நமக்கு மிகத் தெளிவாகக் கேட்கின்றன. குழந்தையின் அழுகையும் மனிதரின் அலறலும் தம் ஆற்றலில் கணிசமான பங்கை இப்பகுதியில் கொண்டிருப்பதால், கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அவை தாயின் காதை எட்டுகின்றன.

எதிர்பாராத பேரொலி கேட்டவுடன் இமைகள் மூடுவதும், கழுத்தும் தோளும் இறுகுவதும் சிந்தனையின் விளைவல்ல. காதிலிருந்து புறப்படும் நரம்புச் செய்தி, மூளைத்தண்டு எனப்படும் மூளையின் அடிப்பகுதியிலேயே கிளை பிரிந்து நேராகத் தசைகளுக்குச் சென்றுவிடுவதால், அது என்ன ஒலி என்று மனம் அறிவதற்கு முன்னரே உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. உறங்கும்போதும் இந்த வழி முற்றிலும் அடைபடுவதில்லை. கண்ணுக்கு இருக்கும் இமை காதுக்கு இல்லாததால், இரவிலும் காவல் காக்கும் புலன் செவியே.

அலறலின் கரகரப்பு

உரத்து ஒலிப்பது மட்டுமே எச்சரிக்கையின் இலக்கணமன்று. 2015-இல் லூக் ஆர்னால், டேவிட் பொப்பெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மனித அலறலில் ஒலியின் வலிமை ஒரு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குவதையும், சாதாரணப் பேச்சில் இத்தகைய வேகமான ஏற்றத்தாழ்வு அரிது என்பதையும், அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா இதற்குக் கூடுதலாகக் கிளர்வதையும் காட்டியது. இத்தன்மையைத் தமிழில் கரகரப்பு எனலாம். அமெரிக்காவின் அவசர அறிவிப்பு ஒலியில் 853 ஹெர்ட்ஸ், 960 ஹெர்ட்ஸ் ஆகிய இரு சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. அவற்றின் மோதலால் நொடிக்கு 107 அதிர்வுகள் கொண்ட கரகரப்பு பிறக்கிறது. அது அலறலுக்குரிய எல்லைக்குள்ளேயே அமைவதால், மொழி அறியாதவரும் அதைக் கேட்டுத் திடுக்கிடுகின்றனர்.

ஆயினும் எச்சரிக்கையின் வலிமை அதன் உண்மையைச் சார்ந்தே நிற்கிறது. "புலி வருது, புலி வருது" என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை, உளவியல் பழக்கமாதல் என அழைக்கும் நிகழ்வையே கூறுகிறது: தீங்கு தொடராத ஒலிக்கு மூளை படிப்படியாகச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஓயாது ஒலிக்கும் கருவிகளின் ஒலிகளில் பெரும்பாலானவை உடனடிச் செயல் எதையும் கோராததால், உண்மையான ஆபத்தின் ஒலியும் செவிலியரின் கவனத்திலிருந்து நழுவும் அபாயம் உண்டு. இதனை நீக்க, ஒலி எச்சரிக்கைகளைப் பல்லாண்டுகளாக ஆய்ந்துவரும் ஜூடி எட்வர்த்தி உள்ளிட்டோரின் உழைப்பால், 2020-இல் திருத்தப்பட்ட பன்னாட்டுத் தரநிலையில், இதயத்துக்கு இதயத்துடிப்பு, மருந்துக்கு மாத்திரைக் குப்பி குலுங்கும் ஓசை எனப் பொருளோடு ஒட்டிய ஒலிகள் இடம்பெற்றன. ஏறுகோட்பறை, மீன்கோட்பறை என்று செயலுக்கேற்ப ஒலியைப் பிரித்த பழைய அறிவுக்கு இது மிக நெருங்கியது.

இசை காக்கும் வாக்கு

எச்சரிக்கை எதிர்பார்ப்பை உடைக்கிறது. இசை எதிர்பார்ப்பை வளர்த்து, தாமதப்படுத்தி, இறுதியில் நிறைவேற்றுகிறது. இசை தரும் உணர்ச்சியின் வேர் எதிர்பார்ப்பே என்று லெனார்ட் மேயர் 1956-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். 2011-இல் கனடாவின் மொன்றியலில் நடந்த ஆய்வு, உடல் சிலிர்க்கச் செய்யும் இசையைக் கேட்கும்போது இன்பத்தோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருள் மூளையில் சுரப்பதையும், உச்சம் வரும் தருணத்தில் மட்டுமன்றி அதை எதிர்நோக்கும் தருணத்திலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரப்பதையும் காட்டியது. கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் ஒரு சொற்கட்டு மூன்று முறை திரும்ப வந்து, கணக்குத் தவறாமல், பாடல் தொடங்கும் தாள இடமான எடுப்பில் சேரும்போது அரங்கம் கைதட்டுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தமக்குள் போட்டு வந்த கணக்கு நிறைவேறியதே ஆகும்.

மிருதங்கத்தின் ஒலியே இத்தகைய ஒழுங்கின் விளைவுதான். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்தொனிகள், அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்து பிறக்கும் உயர் அதிர்வுகள், ஒன்றோடொன்று இயைவதில்லை. வலந்தலையின் நடுவில் அப்பப்படும் கருமையான கரணை, அம்மேற்தொனிகளை முழு எண் விகிதங்களுக்குள் கொண்டுவந்து, முழவைச் சுருதி சேரும் கருவியாக்குகிறது என்பதை சி.வி. இராமன் 1920-இலும் 1934-இலும் விளக்கினார்.

உறுமியோ எதிர்த்திசையில் செல்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பப்படும் அதன் ஒலி, பெயருக்கேற்ப ஒரு விலங்கின் உறுமலை நினைவூட்டும் கரகரப்புடையது. எச்சரிக்கைக்கு உரிய அந்தத் தன்மை ஒழுங்கான தாளத்துக்குள் அடைக்கப்படுவதால், அச்சத்தின் கிளர்ச்சி குறையாமலே அச்சத்தின் காரணம் மட்டும் நீங்கிவிடுகிறது. மதுரை வட்டாரத்தில் சாமியாட்டத்தோடு உறுமி பிரியாமல் இணைந்திருப்பதை இவ்வாறு புரிந்துகொள்ள இயலும். சமயநல்லூரை அடுத்த பரவையிலிருந்து எழுந்து, 2003-இல் வெளியான ‘தூள்’ திரைப்படத்தால் தமிழகம் முழுவதும் ஒலித்த பரவை முனியம்மாவின் குரலிலும் இதே இணைப்பைக் கேட்கலாம்: கூப்பிடு தொலைவைக் கடக்கும் கூர்மையும், மெட்டுக்குள் நிற்கும் கட்டுப்பாடும் அதில் ஒன்றாயிருந்தன.

தாலாட்டு உறுமியின் மறுகோடி. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், தாம் அறியாத அயல்மொழித் தாலாட்டுகளைக் கேட்ட குழந்தைகளின் இதயத்துடிப்பு, பிற பாடல்களைக் கேட்டபோது இருந்ததைவிடத் தணிந்தது.

வாக்குத் தவறாத ஒலி

இரைச்சல் தரும் துன்பமும் அதன் உரப்பால் மட்டும் அளக்கப்படுவதில்லை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வுகளில், எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலே பிற்பாடு மக்களின் பொறுமையையும் கவனத்தையும் அதிகம் குலைத்தது. நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் தரப்பட்டவர்கள், அதை அழுத்தாதபோதும், குறைவாகவே பாதிக்கப்பட்டனர். நெடுஞ்சாலையோர வீடுகளில் வாழ்வோருக்கு அத்தகைய பொத்தான் கிடையாது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிட்டிருக்கின்றன. பல சுரங்களில் மாறி மாறி அலறும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடைசெய்கின்றன. இவ்விதிகளை உறக்கத்தின் நலனுக்காக மட்டுமன்றி, எச்சரிக்கையின் நம்பகத்தன்மைக்காகவும் காக்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் காரணமின்றி அடிக்கப்படும் ஒவ்வொரு ஹாரனும், காரணத்தோடு அடிக்கப்படவிருக்கும் ஹாரனின் மதிப்பைச் சிறிது குறைக்கிறது.

ரயிலின் ஹாரனுக்கு மக்கள் இன்றும் மதிப்பளித்துத் தண்டவாளத்தை விட்டு விலகுவதற்குக் காரணம், அந்த ஒலியைத் தொடர்ந்து ரயில் தவறாமல் வருகிறது என்பதே. மூன்று முறை வந்து எடுப்பில் சேரும் சொற்கட்டுக்குக் கைதட்டுவதற்கும் அதுவே காரணம். தான் சொன்னதை நிறைவேற்றும் ஒலியை மட்டுமே காது நம்புகிறது.